சும்மா பத்தை

வெட்டி விழுத்திய பாலை மரத்தில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தபடி செல்வநாயகி கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உதயகலா. அதற்கப்பால் அடிமரம் நீளத்துக்கு ஊர்ப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஊறவைத்த தென்னோலை. சும்மா இருந்து காவல் காக்க அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கை சும்மா இருந்தால் வாய் ஒன்றோடொன்று கொளுவத் தொடங்கிவிடும் என்று முதல் நாளே உதயகலா ஓலைக் கட்டைத் தலையில் தூக்கி வந்துவிட்டாள். இப்போது வண்டிப் பாதையின் ஓரத்தில் பின்னி அடுக்கிய கிடுகு இடுப்பளவுக்கு உயர்ந்து நின்றது. மரங்கள் தப்புகின்றனவோ இல்லையோ, இந்த வருஷம் பாலைக்குடாவில் எந்த வீட்டு வேலிக்குள்ளும் நாய் புக முடியாது.

அந்த மரத்தை விழுத்தியவன் றஞ்சித். பக்கத்து ஊர்க்காரன். மரம் அரியும் மெசினும் ஒரு லொறியும் வைத்திருந்தான். கொழும்புக் கொம்பனி ஒன்று கடல்நீரேரிக் கரையைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்க்கக் குளம் வெட்டப்போகிறது. அதற்கு முதல் காணியைத் துப்புரவாக்கிக் கொடுப்பது அவன் பொறுப்பு. துப்புரவு என்றுதான் அவனும் சொன்னான். பாலையும் வீரையும் போகிற விலைக்கு அந்தத் துப்புரவை யாரும் ஓடிவந்து செய்வார்கள். ஆடு கட்டப் போன உதயகலா, மரம் சரிகிற சத்தம் கேட்டு ஓடிப்போய் அடுத்த மரத்தின் வேரில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள். மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவளைப் பார்த்தான், மெசினைப் பார்த்தான், றஞ்சித்தைப் பார்த்தான். அதற்கிடையில் ஊர் திரண்டுவிட்டது.

அன்றிலிருந்து காவல். 'பாலைக்குடா இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்' என்று சங்கக்கடை நேசையா பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. "எங்கை போறாய்?" என்று கேட்டால் "பத்தைக் காவலுக்கு" என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரம் என்று பிரித்து, அவரவர் வீட்டுப் பழந்துணியைக் கிழித்து மரத்தில் கட்டினார்கள். செல்வநாயகி தன் துண்டை, மஞ்சளில் நீலப் பூப்போட்ட சேலைக் கரையை, நிற்கிற மரத்தில் கட்டவில்லை. விழுந்து கிடந்த பாலையில்தான் கட்டினாள். செத்ததுக்கு ஏன் காவல் என்று உதயகலா சிரித்தாள். செத்ததையும் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்கும் ஒரு ஆள் வேண்டும் என்றாள் செல்வநாயகி.

வெட்டுவாயில் கசிந்த பால் இறுகிப்போய், அதில் ஒட்டிய எறும்புகள் அப்படியே செத்துக் கிடந்தன. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே நுனிப்பக்கமாக இருந்துகொண்டாள்.

வயலுக்கும் கடல்நீரேரிக்கும் நடுவில் கிடக்கிற துண்டு அது. மேட்டில் பாலை, வீரை, விளா, நாவல். கரைக்கு இறங்க இறங்கத் தில்லை, பிறகு தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கிற கண்டல். உப்புக்காற்று முதலில் அந்த மரங்களில்தான் அடிக்கும். அவற்றைத் தாண்டி ஊருக்கு வருகிறபோது அதில் பாதிச் சினம் போயிருக்கும். பக்கத்து ஊரில் சண்டைக் காலத்தில் பங்கருக்கென்று கரை மரங்களைத் தறித்தார்கள். இன்றைக்கு அங்கே கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தால் பால் திரைகிறது. செல்வநாயகி வீட்டுக் கிணறு மரங்களுக்கு மிக அருகில் இருந்தது. அதன் தண்ணீரைக் கோயில் மடைப் பொங்கலுக்கு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

அந்த மரங்களுக்குள்ளால் ஒரு ஒற்றையடிப் பாதை. விடிகிற நேரம், தண்ணீர் வற்றியிருக்கும்போது, அவள் இடுப்பில் ஓலைப் பறியைக் கட்டிக்கொண்டு அந்தப் பாதையால் இறங்குவாள். கண்டல் வேர்களுக்குப் பக்கத்தில் சேற்றில் இருந்து, இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிப்பாள். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, விரலுக்குத்தான். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்து, நாவல் மர நிழலில் இருந்து இறாலைப் பெரிது சிறிதாகத் தெரிந்து சட்டியில் போட்டுக்கொண்டு கொடிகாமம் பஸ்சைப் பிடிப்பாள். அங்கே சந்தையில் அவள் புருஷன் தம்பிஐயா மூட்டை தூக்கினான். இரண்டு பேரும் பின்னேரம் ஒன்றாக வீட்டுக்கு வருவார்கள். இதுதான் அவர்களுடைய பிழைப்பு. பாதை இருந்தால் இறால், மரம் இருந்தால் தண்ணீர் என்று அவள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க வேண்டி வரவில்லை.

அன்று பின்னேரம், குத்தகை கொடுத்த அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. ஊர்ச் சனத்தையும் றஞ்சித்தையும் வைத்துக் கதைத்து ஒரு முடிவு சொல்வாராம். நேசையா காலையிலிருந்தே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். தேவாலயத்தில் வேதப்பாடம் வாசிக்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலிலேயே, பெண்கள் எல்லோரும் ஒழுங்காகக் கதைக்க வேண்டும், ஏச்சுப்பேச்சு வேண்டாம் என்று சொல்லிவைத்தார். கடைசியில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்.

"பத்தை எண்டு ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ. காடு. நாங்கள் காக்கிறது காடு. விளங்குதோ?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வநாயகி மட்டும் குனிந்து ஓலையைத் திருப்பினாள்.

பாலைக்குடாச் சனத்துக்குக் காடு என்றால் அது வன்னியில்தான். யானை நிற்கும், கரடி நிற்கும், போனவன் வழி தெரியாமல் திரும்பி வரமாட்டான். தங்களுடைய ஊரில் காடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பார்கள். தங்களிடம் இருப்பது பத்தை, வெறும் புதர். பிறந்த நாள் தொட்டு அதுதான் பெயர். விறகு பொறுக்குவது பத்தைக்குள்ளே, நாவற்பழம் பொறுக்குவது பத்தைக்குள்ளே, புருஷனோடு கோபித்தால் போய் இருப்பதும் பத்தைக்குள்ளே. ஷெல் விழுந்த காலத்தில் குழந்தை குட்டிகளோடு ஓடிப்போய்ப் படுத்ததும் அதற்குள்ளேதான்.

அதோடு, காடு என்ற சொல்லுக்கு ஊர் பயந்தும் கிடந்தது. சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த பிறகு, நீரேரியின் மற்றக் கரையில் மஞ்சள் கல் நட்டுக்கொண்டு போனார்கள். இது காடு, அரசாங்கத்துடையது என்றார்கள். தகப்பன் வைத்த காணிக்குள் வேலிக்குத் தடி வெட்டப் போன ஒரு மனிதனைச் சாவகச்சேரிக் கோட்டுக்கு வழக்கென்று கொண்டுபோனார்கள். அப்படிக் கல் நட்ட கந்தோரின் நீளமான பெயர் ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை. கல்லுக்காரர் என்றே ஊர் சொல்லிக்கொண்டது. அந்த நேரத்தில் இதே நேசையாதான் சனசமூக நிலையத்தில் எழும்பி நின்று, இதே குரலில், யார் வந்து கேட்டாலும் காடு என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டாம் என்று சொன்னார். காடு என்று சொன்னால் கல்லு வரும். ஊர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

போன மாரி முடிந்த கையோடு இரண்டு பேர் வந்தார்கள். செல்வநாயகி நாவலடியில் இருந்து இறால் தெரிந்துகொண்டிருந்தாள். ஒருவன் சப்பாத்துக் கால், மரியாதையான பிள்ளை. மற்றவன் ஃபோனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றான். அம்மா, இந்தக் காட்டில் என்னென்ன மரம் நிற்கிறது என்று சப்பாத்துக்காரன் கேட்டான். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே அவளுக்கு உஷார் வந்துவிட்டது. கல்லுக்காரர்கள் இப்படித்தான் வாயைக் கிண்டுவார்கள் என்று நினைத்தாள்.

"காடோ? காடு எங்கை ஐயா கிடக்கு இஞ்சை? உது சும்மா பத்தை."

பெரிய மரங்கள் தெரிகின்றனவே என்றான் அவன்.

"பத்தை முத்தினால் உப்பிடித்தான். வெட்டினாலும் விறகுக்கும் உதவாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். போகிறபோது இறாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்குப் போகிற வழியிலேயே நாலு பேருக்குச் சொல்லிவிட்டாள். அடுத்த கூட்டத்தில் நேசையா எல்லோருக்கும் முன்னால் அவளைப் பாராட்டினார். செல்வநாயகி ஒருத்தி போதும், கந்தோர் முழுவதையும் வித்துப்போட்டு வந்துவிடுவாள் என்றார். தம்பிஐயா சந்தையில் மூட்டைக்கு மூட்டை அந்தக் கதையைச் சொன்னான். அவள் வாய்க்காரி என்று ஊருக்குத் தெரியும். அந்த வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஊருக்கு உதவியது என்று அவளுக்கே ஒரு பெருமை.

மெசின் வந்த நாள் தொட்டு அந்தப் பெருமை தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கல்லுக்காரர்கள்தானா, வேறு ஆட்களா? ஒருவரிடமும் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

அதிகாரி சொன்னபடி பின்னேரம் வந்தார். வாசிகசாலையிலிருந்து கொண்டுவந்த கதிரையில், நிற்கிற பாலை ஒன்றின் நிழலில் அவரை இருத்தினார்கள். வயது குறைந்தவர், நிதானமானவர். வந்ததும் மரங்களை அண்ணாந்து பார்த்து நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். றஞ்சித் தள்ளி, தன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்றான். மெசின்காரர்களும் உழவுயந்திரமும் சந்தியில் நிற்பது எல்லோருக்கும் தெரியும்.

நேசையா நன்றாகக் கதைத்தார். கிணறுகளைப் பற்றி, வயலுக்குள் உப்பு ஏறுவதைப் பற்றி, மாரியில் வந்து தங்குகிற பறவைகளைப் பற்றி. வசனத்துக்கு வசனம் எங்கள் காடு, எங்கள் காடு என்றார். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி அந்தச் சொல் அவருக்கு ஒவ்வொரு தடவையும் கடித்தது. பெண்களும் சேர்ந்து காடு, காடு என்றார்கள். உதயகலா மட்டும் ஒருமுறை பத்தை என்று வாய் தவறி, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி ஒன்றையும் மறுக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஃபோனை எடுத்தார். குத்தகை கொடுக்க முதல் இடத்தைப் பார்க்க ஆள் அனுப்பினோம், அவர்கள் ஊர்ச் சனத்தையும் விசாரித்துத்தான் எழுதினார்கள், கேளுங்கள் என்றார்.

இறால் சட்டிக்குள் விழுகிற சத்தம் முதலில் கேட்டது. ஒரு காகம். பிறகு செல்வநாயகியின் குரல், அவளுக்கே பழக்கமில்லாத உறுதியோடு, சிரிப்போடு. காடு எங்கை ஐயா கிடக்கு இஞ்சை? உது சும்மா பத்தை. கடைசியில், விறகுக்கும் உதவாது. அதன் பிறகு இரண்டு பேர் சிரிக்கிற சத்தம்.

உதயகலாவின் கை ஓலையில் அப்படியே நின்றது. ஒருவரும் செல்வநாயகியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கூட்டத்தின் பின்னால் நின்ற தம்பிஐயா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நிலம் பிளந்தால் அப்படியே இறங்கியிருப்பாள்.

நேசையாதான் எழும்பினார்.

"அவவைக் குறை சொல்லாதேங்கோ சேர். அப்பிடிச் சொல்லச் சொன்னது நான்."

ஏன் என்று அதிகாரி கேட்டார். கல்லுக்குப் பயந்துதான் என்று சொல்ல நேசையாவுக்கு வாய் வரவில்லை. வேதப்பாடம் வாசிக்கிற குரல் அந்த இடத்தில் கீழே விழுந்து கிடந்தது. சொல்லாமலே அதிகாரிக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் நிலைமையை எடுத்துச் சொன்னார். பத்தைக் காணி என்றால் குத்தகைக்காரர் துப்புரவாக்கலாம், தன்னால் தடுக்க முடியாது. காடு என்றால் அது தன்னுடைய கந்தோரில் இல்லை, கல்லுக்காரர்களிடம் போகும். குத்தகை நிற்கும். ஆனால் அவர்கள் வந்து எல்லை போடுவார்கள். போட்டால் அதற்குள் ஆடும் இல்லை, விறகும் இல்லை, நடைபாதையும் இல்லை. இரண்டில் எது என்று ஊர்தான் சொல்ல வேண்டும்.

சனத்துக்குள் சலசலப்பு எழும்பியது. ஆடு வளர்க்கிறவர்கள் ஒரு பக்கம், கிணற்றை நினைத்தவர்கள் ஒரு பக்கம். யோசிக்க நாலு நாள் தாருங்கள் என்று நேசையா கேட்டார். மெசின் சந்தியில் நிற்கிறது, வாடகைக்கு எடுத்தது, இனியும் மறித்து வைத்தால் தன்னிடம்தான் கேள்வி வரும் என்றார் அதிகாரி. றஞ்சித் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செல்வநாயகி எழும்பினாள். மடியிலிருந்த ஓலைத்துண்டுகள் உதிர்ந்தன.

"சேர், நான் பொய் சொல்லேல்லை. நாங்கள் உதைப் பத்தை எண்டுதான் சொல்லுறது. பத்தை எண்டால் வெட்டலாம் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை. எங்களுக்குப் பத்தை எண்டால் வெட்டாத இடம்."

அதிகாரி தலையை ஆட்டினார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. அதை அவள் பிறகும் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு விளங்குது அம்மா. ஆனால் சட்டத்திலை ரெண்டு சொல்லுத்தான் கிடக்கு. உங்கடை வாயாலை சொன்னதை நீங்கள்தான் மாத்தவேணும்."

அவர் குரல் பதிய வைத்து ஃபோனை அவள் பக்கம் நீட்டினார். அவள் நேசையாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், செபம் போல. தம்பிஐயாவைப் பார்த்தாள். அவன் கண் மரங்களுக்குள்ளே போகிற ஒற்றையடிப் பாதையில் இருந்தது. பத்தை என்றால் பொழுது படுவதற்கிடையில் எத்தனை மரம் விழும் என்று அவளுக்குத் தெரியும். காடு என்றால் நாளைக்கோ மறுநாளோ அந்தப் பாதை போகும், பாதையோடு இறாலும் போகும். வேறு வேலை அவளுடைய விரல்களுக்குத் தெரியாது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் ஊர் முழுவதற்கும் பொது. உப்பு ஏறிய கிணற்றை ஒருவராலும் திருப்பி நன்னீராக்க முடியாது.

"காடு" என்றாள்.

சத்தம் வரவில்லை. கொஞ்சம் பெலத்துச் சொல்லும்படி அதிகாரி கேட்டார்.

"காடு சேர். உது காடு."

அன்றைக்கே உழவுயந்திரம் திரும்பிப் போனது. விழுந்த மரத்தடியில் கல்லுக்கூட்டி, பெரிய பானையில் பொங்கிச் சனம் முழுவதும் வாழையிலையில் வாங்கிச் சாப்பிட்டது. நேசையா ஒரு கீர்த்தனை பாடினார். சைவக்காரர்களும் கை தட்டினார்கள். எல்லோரும் செல்வநாயகியைத் தேடி வந்து கதைத்தார்கள். உதயகலா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போகிற வழியில் தம்பிஐயா, உன்ரை வாயாலை போனது உன்ரை வாயாலைதான் வந்தது என்றான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் படலையைத் திறக்கிறபோது, பறியை ஒருக்காத் திருத்திக்கட்ட வேண்டும், ஓலை விட்டுப்போச்சு என்று அவள் சொன்னபோது அவன் பாதைப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

கல்லுக்காரர்கள் வர அதிக நாள் எடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் கந்தோர் தாமதிக்கவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. முதலில் மஞ்சள் கல், பிறகு முள்ளுக்கம்பி, பிறகு வண்டிப் பாதையின் வாயில் ஒரு தடுப்புத் தடி. அந்தத் தடிக்காக, கம்பிக்கு உள்ளே நின்ற இளம் வீரை ஒன்றையே வெட்டி, பட்டையோடு அப்படியே போட்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று மொழியில் ஒரு பலகை. தமிழில் 'ஒதுக்கப்பட்ட கடு' என்று எழுதியிருந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கின சொல்லில் ஒரு கால் குறைகிறதே என்று உதயகலா பலகையைக் காட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு அச்சுவேலியில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள்.

மரங்களில் கட்டியிருந்த துணிகளையெல்லாம் அவிழ்த்துக் குவித்து எரித்தார்கள். அனுமதியில்லாமல் உள்ளே பொருட்கள் வைக்கக்கூடாதாம். காவல் இருக்கப் போன பெண்களையும் திருப்பி அனுப்பினார்கள். இனிக் காவலுக்குத் தங்களுடைய ஆள் இருக்கிறான் என்றார்கள். அடுக்கியிருந்த கிடுகைக்கூட ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேலால் எறிந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

நேசையா பாதைக்காக மனு எழுதினார். கரைக்குப் போகிற சனத்துக்கு மட்டும் ஒரு ஒற்றையடிப் பாதை விட்டுத்தாருங்கள் என்று கேட்டார். இந்தக் கந்தோர் அந்தக் கந்தோரைக் காட்டியது, அந்தக் கந்தோர் இன்னொன்றைக் காட்டியது. ஒரு பின்னேரம் செல்வநாயகி வீட்டுக்கு வந்து, வெறும் தேத்தண்ணி குடித்து, போகப்போகிறபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, முதலும் நான்தான் சொன்னனான், பிறகும் நான்தான் சொன்னனான். ரெண்டு தரமும் உன்னைக்கொண்டு சொல்லுவிச்சுப் போட்டன்."

அண்ணை, தண்ணி இன்னும் நல்லாத்தான் கிடக்கு என்று அவள் கிணற்றைக் காட்டினாள். அது உண்மைதான்.

கரைக்குப் போக இப்போது பக்கத்து ஊரைச் சுற்ற வேண்டும். அவள் போய்ச் சேர்கிறபோது தண்ணீர் ஏறிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் விரல் நிலத்துக்கு எட்டாது. சில நாள் வெறும் பறியோடு திரும்பினாள். சில நாள் போகவேயில்லை. தம்பிஐயா சந்தையில் இருட்டும் வரைக்கும் நின்று மூட்டை தூக்கினான். வந்து படுத்தால் முதுகு பிடித்துக்கொண்டு புரளுவான். சந்தையில் கதை சொல்கிற வழக்கத்தை விட்டுவிட்டான் என்று அவன் கூட்டாளிகள் சொன்னார்கள்.

தடுப்புத் தடிக்குக் காவல் நிற்கிற பையன் நல்லவன், மன்றாடிக் கேட்டால் சிலவேளை விடுவான் என்று யாரோ சொன்னார்கள். ஒருநாள் விடியப்புறம் செல்வநாயகி பறியைக் கட்டிக்கொண்டு அங்கே போனாள். பையன் தூரத்து ஊரவன். கொஞ்சம் தமிழ் தெரியும். அவள் கரையைக் காட்டினாள், பறியைக் காட்டினாள், தான் ஒரு குச்சியையும் தொடமாட்டேன் என்று கையை விரித்துக் காட்டினாள். அவன் பலகையைக் காட்டினான்.

"அம்மா, காடு. ஒருத்தரும் ஏலாது."

அவனுடைய வாயில் அந்தச் சொல் சரியாக இருந்தது. அவள் தடியில் கை வைத்தபடி நின்றாள். வீரைப் பட்டை இன்னும் காயவில்லை. அப்பால் தண்ணீர் வற்றிக் கிடப்பது மணத்திலேயே தெரிந்தது. இந்த நேரம் சேற்றில் இறால் எங்கெங்கே படுத்திருக்கும் என்று அவளுடைய விரல்களுக்குத் தெரியும்.

உள்ளே லொறி ஒன்று உறுமுகிற சத்தம் கேட்டது. பையன் அவளை விட்டுவிட்டுத் தடியின் மற்ற முனைக்கு ஓடினான்.

றஞ்சித்தின் லொறி. களவாக வெட்டிய மரமல்ல, காட்டில் கிடந்த மரம், அரசாங்கச் சொத்து என்று கல்லுக்காரர்கள் விழுந்து கிடந்ததை ஏலத்தில் போட்டிருந்தார்கள். ஏலத்துக்கு ஊரில் ஒருவருக்கும் அறிவிப்பு வரவில்லை. மரம் வாங்கவும் ஏற்றவும் ஆளும் வாகனமும் உள்ளவன் இந்தப் பக்கத்தில் றஞ்சித் ஒருவன்தான். தடி மேலே எழும்பியது. றஞ்சித் முன் ஆசனத்திலிருந்து தலையை வெளியே நீட்டினான். குரலில் எகத்தாளம் இல்லை; வழக்கமான மரியாதைதான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. சில்லு ஏறிப்போடும்."

அவள் தள்ளி நின்றாள். லொறி மெல்ல வளைந்து அவளுக்கு முன்னால் போனது. சங்கிலியால் கட்டிய பாலை அடிமரம் பின்பலகைக்கு வெளியே நீண்டு கிடந்தது. பெண்களின் முதுகு பட்டுப் பட்டுப் பட்டை மினுங்கிய இடம் தெரிந்தது. மரம் நிலத்தோடு கிடந்ததால் அவிழ்க்க மறந்த துணி நுனிப்பக்கத்தில் அப்படியே இருந்தது. மஞ்சளில் நீலப் பூ. நீளமான மரம் ஏற்றினால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய ஒரு துணி கட்ட வேண்டும் என்பது ரோட்டு வழக்கம். அதனால் அதை ஒருவரும் அவிழ்க்கவில்லை போலும்.

லொறி கொடிகாமம் ரோட்டில் ஏறும் வரை துணி ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தாள். பையன் தடியை இறக்கிச் சங்கிலியைக் கொளுவினான். செல்வநாயகி பறியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரைச் சுற்றிப் போகிற பாதையால் நடக்கத் தொடங்கினாள்.